மேல நல்லா இழுக்கணும்

“சார் இருக்காருங்களா மேடம்?”

கோயம்புத்தூரில் பழைய கார்களுக்கு இஞ்சின் வேலை பார்க்கும் அந்த மனிதர் ஒவ்வொரு தடவையும் முதலில் கேட்டது இதைத்தான். பேசுவது நான். வண்டி என் வண்டி. இஞ்சினைக் கழற்றியது நான், விரிசல் விட்ட மேனிஃபோல்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதும் நான். ஆனாலும் அவருக்கு ஒரு சார் வேண்டும். ஃபோனில் பெண் குரல் கேட்டால், அவள் சாரைக் கூப்பிடத்தான் ஃபோனை எடுத்தாள் என்று நினைக்கிற ஆட்களை நான் தினமும் பார்க்கிறேன். கொடைக்கானலில் பம்ப்செட் சாமான் கடை வைத்திருக்கிறேன். ஃபுட் வால்வு, ஆயில் சீல், பெல்ட், வாஷர் என்று எல்லாம் எடுத்துக் கொடுப்பவள் நான். கடைக்குள் வருகிறவன் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, “அண்ணன் இல்லியாக்கா?” என்பான். அண்ணன் என்பது என் கணவர். அவர் ஒரு போர்டிங் பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் சூப்பிரண்டு. ஃபுட் வால்வின் எந்தப் பக்கம் தண்ணீருக்குள் போக வேண்டும் என்று அவருக்கு இன்று வரை தெரியாது.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டே சீட் உள்ள பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். மேலே கூரை கிடையாது, மடக்குகிற துணிதான். பள்ளங்கிப் பக்கம் ஒரு பங்களாவின் ஷெட்டில், தகரம் ஓட்டை விழுந்து, பெய்கிற மழையெல்லாம் அதன் மேலேயே விழக் கிடந்தது. அந்த வீட்டு வாரிசுகள் வெளிநாட்டிலிருந்து வந்து, எல்லாவற்றையும் விற்றுவிட்டுத் திரும்பும் அவசரத்தில் பழைய இரும்புக்காரனோடு பேசிக்கொண்டிருந்தார்கள். கிணற்று மோட்டாருக்குச் சாமான் கொடுக்கப் போன நான் பார்த்தேன். இரும்பு விலைக்கு நானே எடுத்துக்கொண்டேன். கடையில் நின்று நான் சம்பாதித்த காசு அது. ஆர்.சி.யில் பேர் மாற்றும்போது புரோக்கர், “வீட்டுக்காரர் பேர்லயே போட்ருவோம்க்கா, பின்னால சோலி கொறச்சல்” என்றார். ஒரே வீட்டில் இருக்கிறோம், யார் பேரில் இருந்தால் என்ன என்று நானும் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்த பிறகு வண்டியை நாங்கள் பாகம் பிரித்துக்கொண்டோம். வெளியே அவர், உள்ளே நான். அவர் பம்பரைத் தேய்ப்பார், குரோம் வளையங்களைத் தேய்ப்பார், சக்கரத்தின் கம்பி ஒவ்வொன்றையும் பல் விளக்கும் பிரஷால் தேய்ப்பார். அதற்கென்றே மஞ்சள் துணிகள் வைத்திருந்தார். சீசனில் பழைய வண்டிகளை வரிசையாக நிறுத்திக் காட்டும் விழா ஏதாவது நடந்தால் தொப்பி வைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நிற்பார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் இழவு வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிற ரகம். அது எனக்குப் பழகிப்போனதுதான். பிஸ்டன் வளையம் மாற்றி, வால்வு அரைத்து, மூன்று இடத்தில் ஒழுகின ஆயிலை நிறுத்தியவள் யார் என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். அவரும் சொல்ல மாட்டார்.

எனக்கு அந்த வண்டியில் ஒரே ஒரு ஆசை. பூம்பாறை ரோட்டில் அதை ஓட்ட வேண்டும். கடை வைப்பதற்கு முன்னால் எங்கள் காட்டில் விளைந்த பூண்டையும் அக்கம்பக்கத்தார் பூண்டையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு பூம்பாறையிலிருந்தும் கூக்காலிலிருந்தும் கொடைக்கானலுக்கு ஓட்டியிருக்கிறேன். அந்த ரோட்டில் எந்தக் குழி எங்கே என்று என் முதுகுக்குத் தெரியும். ஆனால் ஒரு தடவை கூட எனக்காக ஓட்டியதில்லை. பின்னால் எப்போதும் மூட்டை, பக்கத்தில் எப்போதும் யாராவது ஒருவர் அவசரப்படுத்திக்கொண்டு. காலியாக, சும்மா, காற்று வாங்க ஓட்ட வேண்டும் என்று நினைத்தேன். பெரிய ஆசை ஒன்றும் இல்லை.

அதற்குள், ஊருக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேனிஃபோல்டு விரிசல் விட்டது. தெரியாதவர்களுக்கு: கார்புரேட்டரில் காற்றும் பெட்ரோலும் கலக்கும். அந்தக் கலவையை இஞ்சினுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற குழாய்தான் மேனிஃபோல்டு. பட்டறையில் மேனிபோல் என்பார்கள். அதில் விரிசல் இருந்தால் தேவையில்லாத காற்றும் உள்ளே போகும், வண்டி திணறும். எங்கள் வண்டியில் இருந்தது ஏற்கெனவே யாரோ பற்றவைத்துப் பற்றவைத்துத் தேய்ந்துபோன அலுமினியம். இனி பற்ற இடமில்லை. புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

அப்போதுதான் என் கணவர் ஹோட்டல் பேச்சை எடுத்தார். ஏரிக்கரை ரோட்டில் ஒரு ஹோட்டல். அதன் மேனேஜர் எங்கள் வண்டியை வாசலில் நிறுத்தி, பானெட் மேல் பூந்தொட்டி அடுக்கி, வருகிறவர்கள் செல்ஃபி எடுக்க வைக்கலாம் என்று அவரிடம் கேட்டிருக்கிறார். வண்டி போய்விட்டால் ஷெட்டை இடித்து ஒரு ரூம் கட்டலாம், சீசனுக்கு வாடகைக்கு விடலாம் என்பது அவர் கணக்கு. நான் முடியாது என்றேன். பேச்சு வளர்ந்தது. கடைசியில் அவர், “சரி, கோச்சுக்காத. மேனிபோலை மாத்திப் பாரு. பழனியில இருந்து தள்ளாம, நிக்காம மேல ஏறிருச்சுன்னா நீயே வச்சுக்கோ. ஏறலேன்னா ஹோட்டலுக்குக் குடுத்துருவோம். சம்மதமா?” என்றார். நான் சம்மதித்தேன்.

அதனால்தான் கோயம்புத்தூருக்கு ஃபோன் போட்டேன்.

“சார் எதுவும் சொன்னாருங்களா, எந்த மாதிரி மேனிபோல் வேணும்னு?”

“சார் ஒண்ணும் சொல்லல. நான் சொல்றேன். எனக்கு மேல நல்லா இழுக்கணும். அதான் முக்கியம். கீழ எப்படி இருந்தாலும் பரவால்ல. கீழ நாங்க ஓட்டுறதே கொறச்சல்.”

“கீழ வேண்டாமுங்களா?” என்றார். குரலில் ஒரு சந்தேகம். “நெசமாவாங்க?”

“வேண்டாங்க. மேலதான்.”

“சூப்பருங்க மேடம். பண்ணிரலாமுங்க.”

அவ்வளவுதான் பேச்சு. அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பார்சல் வந்தது. பிரித்ததும் என் கணவர் முகம் மலர்ந்தது. முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பான அலுமினியம், குட்டையாக, வாய் அகலமாக. கூடவே பெரிய கார்புரேட்டர், அதன் வாயில் நாதஸ்வரத்தின் அடிப்பக்கம் மாதிரி விரிந்த இரண்டு குழல்கள். “ஏ புள்ள, பானெட்டைத் தெறந்தே ஓட்டலாம் போலயே” என்று போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். எனக்கு அந்த அகலத்தைப் பார்த்ததுமே நெருடியது. ஆனால் கோயம்புத்தூரில் ரேஸ் வண்டிகளுக்கெல்லாம் வேலை பார்க்கிற ஆள், அவருக்குத் தெரியாதா என்று மாட்டினேன். ஸ்டார்ட் செய்தபோது தெருவே திரும்பிப் பார்த்தது. எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து என் கணவருக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார். எனக்குக் கொடுக்கவில்லை. என் கையெல்லாம் கிரீஸ், அதனால் இருக்கும்.

பழனிக்கு இறங்குவதற்கு முன்னால் பெருமாள்மலை வரைக்கும் போய்த் திரும்பிப் பார்க்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். போகும்போது இறக்கம். இறக்கத்தில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். பெருமாள்மலையில் டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். நேர் ரோட்டில் காலை அழுத்தியதும் சீறிக்கொண்டு போனது. பரவாயில்லையே என்று நினைத்தேன். வளைவு வந்தது. வேகத்தைக் குறைத்து இரண்டாவது கியருக்கு வந்து, திருப்பி, மறுபடி மிதித்தேன். இழுவை இல்லை. இன்னும் மிதித்தேன். இருமியது, பின்னால் கருப்பாகப் புகை விட்டது, அப்படியே வளைவின் நடுவில் நின்றுவிட்டது. வண்டி பின்பக்கம் உருளப் பார்த்தது. ஹாண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தேன்.

பின்னால் ஒரு டூரிஸ்ட் வேன், அதற்குப் பின்னால் பஸ். ஹாரன் அடித்துக் காதைக் கிழித்தார்கள். பிறகு ஆண்கள் இறங்கி வந்தார்கள். வேனிலிருந்து ஒருத்தர், “மேடம், ஃபர்ஸ்ட்ல போட்டு கிளட்ச்சை மெதுவா விடுங்க” என்றார். இன்னொருத்தர், “சோக்கை இழுங்க” என்றார். ஏற்கெனவே பெட்ரோலில் மூழ்கி நிற்கிற இஞ்சினுக்கு இன்னும் பெட்ரோலை இழுத்துவிடும் சோக்காம். மூன்றாவது ஆள் நேராக என் கணவரிடம் போய், “சார், நீங்க உக்காந்து ஓட்டுங்க சார், லேடீஸ்க்கு இந்த வளைவு கஷ்டம்” என்றார். என் கணவருக்கு ஸ்கூட்டர் மட்டும்தான் ஓட்டத் தெரியும். அதைச் சொல்ல வேண்டியதுதானே? சொல்லவில்லை. சிரித்துக்கொண்டு, “அவங்களுக்கு வண்டி புதுசு” என்றார்.

இதைவிட மோசமான வளைவுகளில் மழையில், ஒற்றை ஹெட்லைட்டில், பின்னால் பூண்டு மூட்டை சரிய சரிய ஓட்டி வந்தவள் நான். அந்த மூன்று பேரையும் அவரையும் சேர்த்து அங்கேயே பள்ளத்தில் தள்ளிவிடலாம் போல இருந்தது. இறங்கிப் போய் பானெட்டைத் திறந்தேன். குழல் இரண்டின் வாயிலும் பெட்ரோல் சொட்டுச் சொட்டாக நின்றிருந்தது. கலவை ஆவியாகிப் போக வேண்டிய இடத்தில் அது ஈரமாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. அவர்கள் தள்ளி ஓரமாக விட்டார்கள். போகும்போது ஒருவன் வண்டியோடு செல்ஃபி எடுத்துக்கொண்டான்.

பெட்ரோல் காய்ந்ததும் திக்கித் திணறி வீட்டுக்கு ஓட்டி வந்து, உடனே கோயம்புத்தூருக்கு அடித்தேன்.

“என்னங்க அனுப்பிருக்கீங்க? வளைவுல செத்துப் போகுது.”

“எத்தனை ஆர்.பி.எம்.லீங்க?”

“வளைவுல என்ன ஆர்.பி.எம். இருக்கும்? மீட்டர் முள்ளு எந்திரிக்கவே இல்ல.”

“அது கீழதானுங்களே மேடம். கீழ வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க?”

“கீழன்னா நீங்க எதைச் சொல்றீங்க?”

“கீழன்னா கம்மி ஆர்.பி.எம். மேலன்னா இஞ்சின் வேகமாச் சுத்தறப்பங்க. மேல நல்லா இழுக்கணும், கீழ எப்படி இருந்தாலும் பரவால்லன்னீங்க. அதான் ரேஸுக்குப் போடறதை அனுப்பினேன். நேர் ரோட்டுல விட்டுப் பாருங்க, பிச்சுக்கிட்டுப் போகும்.”

“நான் மேலன்னு சொன்னது கொடைக்கானலைங்க.”

அந்தப் பக்கம் அடக்க முடியாமல் ஒரு சிரிப்பு. “அட, அதுங்களா!”

எங்கள் ஊரில் மேல என்றால் மலை. கீழ என்றால் மலைக்கு அடியில் இருக்கிற எல்லாமும். பழனியும் கீழதான், மதுரையும் கீழதான், சென்னையும் கீழதான். “கீழ போயிட்டு வர்றேன்” என்றால் எங்கே என்று கூட யாரும் கேட்க மாட்டோம். ஸ்பானர் பிடிக்கிற உலகத்தில் அதே இரண்டு வார்த்தைக்கு வேறு அர்த்தம் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும்தான், ஆனால் வாயைத் திறந்தால் ஊர்தான் முதலில் வருகிறது. அதற்காக நான் வெட்கப்படவில்லை. அவர் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“பார்சல் மேல கொடைக்கானல்னு அட்ரஸ் எழுதுனது நீங்கதானே? மலையில இருக்கிற ஒருத்தி கீழ இழுவை வேண்டாம்கிறான்னா, ஏம்மா, எங்க ஓட்டப் போறன்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணலியா?”

அவர் தயங்கினார். கெட்ட மனிதர் இல்லை, அதனால் உண்மையைச் சொல்லிவிட்டார். “இல்லீங்க மேடம்... சார் சொல்லித்தான் நீங்க சொல்றீங்கன்னு நெனச்சுட்டேனுங்க. உங்களைக் கேட்டு என்ன பண்றதுன்னு...”

ஃபோனை வைத்துவிட்டேன். அன்று மிச்சப் பொழுது முழுக்க கடைக்கு வந்தவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன்.

சாயங்காலம் என் கணவர் “நான் பேசுறேன், நீ டென்ஷனாகாத” என்று ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார். அப்போது வந்தது பாருங்கள், கேள்வி மேல் கேள்வி. எந்த ரோட்டுல ஓட்டுவீங்க சார்? எத்தனை வளைவு இருக்கும்? வளைவுல எந்த கியர்? எவ்வளவு உயரம்? காலையிலயா, சாயங்காலமா? பனி இருக்குமுங்களா? எனக்கு ஒரு கேள்வி கூடக் கிடைக்காத இடத்தில் அவருக்கு மூட்டை மூட்டையாகக் கிடைத்தது. அவருக்கோ எதற்கும் பதில் தெரியாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கேரட் நறுக்கிக்கொண்டே சொல்லச் சொல்ல, அவர் ஒப்புக்குச் சப்பாணியாக ஃபோனில் திருப்பிச் சொன்னார். பனி இருக்குமா என்று கேட்டபோது என்னைப் பார்த்து, “இருக்குமா?” என்றார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த மனிதர்.

கடைசியில் மூன்று மேனிஃபோல்டின் படம் வந்தது. முதலாவது, நாங்கள் வாங்கியது மாதிரியே, வாய் மட்டும் சற்றுச் சிறியது, அதே பளபளப்பு. என் கணவருக்குப் பிடித்தது அது. இரண்டாவது நீளமாக வளைந்தது, வேலை செய்யும், ஆனால் கார்புரேட்டர் போய் பானெட் பக்கத்துத் தகரத்தில் இடிக்கும். மூன்றாவது கருப்பாக, சொரசொரப்பாக, அடிப்பிடித்த குக்கர் மாதிரி ஒன்று. அதன் குழாய்கள் ஒடுக்கம், நீளம். ஒரே ஒரு சின்னக் கார்புரேட்டர் அதன் தலையில் உட்காரும். அடியில் இஞ்சினின் சுடுதண்ணீர் சுற்றி வர ஒரு வழி இருந்தது.

நான் மூன்றாவதைத்தான் எடுத்தேன். விறகடுப்பு ஊதியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். ஊதாங்குழல் ஒடுக்கமாக இருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டாலும் கங்கு வரை போய்ச் சேரும். அகலக் குழாயில் ஊதினால் நம் கன்னம்தான் வலிக்கும். வளைவில் இஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அதன் மூச்சு குறைவு. அந்தக் குறைந்த மூச்சும் வேகமாகப் போக ஒடுக்கமான குழாய் வேண்டும். பனியில் குழாய் குளிர்ந்தால் பெட்ரோல் சொட்டாகி ஒட்டிக்கொள்ளும், அதற்கு அடியில் சூடு வேண்டும். மலைக்காற்றில் சத்து குறைவு, அதனால் பெட்ரோலும் குறைவாகப் போக கார்புரேட்டரின் துளை சின்னதாக இருக்க வேண்டும். இதையெல்லாம் ஃபோனில் நானே சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் “ஆமாங்க, கரெக்ட்டுங்க” என்றார். கடைசியில், “பார்க்க அவ்வளவா நல்லா இருக்காதுங்களே, சாருக்குப் பிடிக்குமுங்களா?” என்றார்.

சாருக்குப் பிடிக்கவில்லை. “இதைப் போட்டா பானெட்டைத் தெறந்து காட்ட முடியுமா? சொன்னாக் கேக்க மாட்டே, நீ பிடிச்ச முயலுக்கு மூணே காலு” என்றார்.

“ஆமா, மூணுதான்” என்றேன்.

வந்ததும் மாட்டினேன். சுடுதண்ணீர் ஹோஸ்களுக்கு என் கடைச் சாமானே போதுமாக இருந்தது. அடுத்த வாரம் வெள்ளனே கிளம்பிக் கீழே இறங்கி, பழனியில் இட்லி சாப்பிட்டுவிட்டு, இஞ்சின் ஆறியதும் வண்டியைத் திருப்பினேன். மலை அடிவாரத்தில் பக்கத்து சீட்டிலிருந்து என் கணவர், “பாத்து, வெரசாப் போகாத” என்றார். வெரசாகப் போக நான் வரவில்லை. முதல் வளைவில் இரண்டாவது கியரில், மெதுவாக, வேண்டுமென்றே இன்னும் மெதுவாக்கி, மிதித்தேன். இழுத்தது. சத்தமே போடாமல், கயிறு கட்டி யாரோ மேலே இருந்து இழுப்பது போல இழுத்தது. அடுத்த வளைவு, அதற்கடுத்தது. ஒரு இடத்தில் வாழைத்தார் லாரி எதிரே வந்து, ஏற்றத்திலேயே நிறுத்தி, மறுபடி எடுக்க வேண்டி வந்தது. எடுத்தது. சவரிக்காட்டுக்கு மேலே பனி இறங்கி ரோடு தெரியவில்லை. அப்போதும் ஒரு இருமல் இல்லை. எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போல இருந்தது, கத்தினேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெருமாள்மலையில் போன தடவை செத்த அதே வளைவைத் தாண்டும்போது, “பரவாயில்ல புள்ள, ஏத்திட்ட” என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு எல்லாக் கோபமும் போய்விட்டது. வண்டி என் வண்டி.

ஏரிக்கரை ரோட்டுக்கு வந்ததும், “ஹோட்டல் வாசல்ல ஒரு நிமிஷம் நிறுத்து” என்றார். கேட்டவரிடம் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். நிறுத்தினேன். மேனேஜர் மாலையோடு வந்தார். பானெட் மேல் மாலையைப் போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்.

“கங்கிராட்ஸ் மேடம். ஓடாட்டி வாசல்ல நிறுத்தலாம்னு இருந்தோம். ஓடுதுன்னா டபுள் ஹாப்பி. ஹனிமூன் கப்பிள்ஸை லேக்கைச் சுத்திக் கூட்டிட்டுப் போகலாம். எங்ககிட்டயே டிரைவர் இருக்கார். ஆர்.சி.யும் சார் பேர்லயே இருக்கறதால ஒரு சிக்கலும் இல்லை.”

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏறுனா நீயே வச்சுக்கோன்னு சொன்னீங்களே?”

“சொன்னேன்தான்...” என்றார். “ஆனா இது ஏறும்னு நான் நெனக்கவே இல்லியே. நீ ஏத்துவேன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதுக்கு முன்னாலயே இவர்கிட்ட வார்த்தை குடுத்துட்டேன்.”

இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் சொன்ன பொய்கள் எல்லாம் எனக்கு மறந்துவிடும். இந்த உண்மை மறக்காது. நான் கேரட் நறுக்கிக்கொண்டே வளைவையும் கியரையும் பனியையும் சொல்லச் சொல்ல, அதை வாங்கி ஃபோனில் சொன்ன அதே வாய்தான் அதற்கு முன்பே வண்டியைக் கொடுத்துவிட்டிருந்தது. நான் தோற்பேன் என்று அவ்வளவு உறுதி. வண்டியை எடுத்தேன். எலுமிச்சம்பழம் நசுங்கியது. நேராக வீட்டுக்கு ஓட்டினேன்.

ஷெட்டில் நிறுத்தியதும் ஸ்பானரை எடுத்தேன். இஞ்சின் ஆறும் வரைக்கும் எனக்குப் பொறுமை இல்லை. ஹோஸைக் கழற்றும்போது சுடுதண்ணீர் மணிக்கட்டில் பட்டுக் கொப்புளம் போட்டது. நட்டு ஒவ்வொன்றாகக் கழற்றி, கார்புரேட்டரோடு மேனிஃபோல்டை அப்படியே தூக்கினேன். இஞ்சினில் திறந்து கிடந்த துவாரங்களைப் பழைய துணியால் அடைத்தேன். அவருடைய மஞ்சள் துணியில் ஒன்றை எடுத்து மேனிஃபோல்டைச் சுற்றி, உள்ளே கொண்டுபோய், பீரோவில் என் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

அவர் அறை வாசலில் நின்றார். “அதைக் கழட்டிட்டா வண்டி ஓடாதே.”

“ஓடாது.”

“ஓடுற வண்டின்னு அவர்கிட்டச் சொல்லிட்டேனே.”

“சொன்னது நீங்க. வண்டி உங்க பேர்ல இருக்கு, எடுத்துட்டுப் போங்க. இதை வாங்குனவ நான், மாட்டுனவ நான். இது யார் பேர்லயும் எழுதலை.”

“வேற ஒண்ணு வாங்கிப் போட்டுக்குவாங்க.”

“எதுக்கு வாங்கணும்? பளபளன்னு குட்டையா ஒண்ணு ஷெட்டுல கெடக்கே, அதையே குடுங்க. லேக்கைச் சுத்தி ஏத்தத்துல கல்யாண ஜோடியோட நிக்கட்டும்.”

பம்பர் தேய்க்கத் தெரிந்தவருக்கு இந்த இடத்தில் தேய்க்க ஒன்றும் இல்லை.

இது நடந்து சில மாதங்கள் ஆகின்றன. மேனேஜர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். என் கணவர் கொடுக்கவும் இல்லை, இல்லை என்று சொல்லவும் இல்லை. அதனால் நானும் பீரோவைத் திறந்து போடவில்லை. பூம்பாறைக்குப் போக வேண்டும் போல இருக்கிற நாளில் வெள்ளனே எழுந்து, மேனிஃபோல்டை எடுத்து, இடையில் வைக்கப் புது கேஸ்கட் வெட்டி, மாட்டி, ஓட்டிக்கொண்டு போகிறேன். கூக்கால் வரைக்கும் கூடப் போயிருக்கிறேன். திரும்பி வந்ததும் கழற்றி உள்ளே வைத்துப் பூட்டுகிறேன். பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரிகிறது. பட்டுப்புடவையெல்லாம் பெட்ரோல் வாடை. ஒரு கல்யாணத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு இடம் மாறிப் போனாள். போகட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை மாட்டிக்கொண்டிருந்தபோது அவர் ஷெட்டுக்குள் வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இப்படி மாட்டி மாட்டிக் கழட்டுனா நட்டு மரை தேஞ்சிராதா?” என்றார்.

“தேயும்.”

“தேஞ்சுட்டா?”

“நட்டு நிக்காது. அப்புறம் எனக்கும் ஓடாது, யாருக்கும் ஓடாது.”

“அப்ப என்ன செய்யுறது?”

“நீங்க ஒரு ஃபோன் போட்டு, வண்டி எங்க வீட்டுக்காரியோடது, குடுக்கறதா இல்லன்னு சொன்னாப் போதும். நான் கழட்டவே மாட்டேன்.”

ஃபோன் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. கையை அதன் மேல் வைத்தார். நான் ஸ்பானரை நிறுத்திக் காத்திருந்தேன். பிறகு அவர், “டீ போடட்டுமா?” என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் உள்ளே போய்விட்டார். நான் மிச்சமிருந்த நட்டை முறுக்கினேன். அது முன்பு போல இறுகவில்லை.